ஒரு சதுரத்துக்கு எத்தனை சிப்பம்?

ஆரணியில் பட்டு எடைபோட்டுத்தான் வீட்டுக்குள் வரும், எடைபோட்டுத்தான் வெளியே போகும். பாவு இவ்வளவு, ஊடை இவ்வளவு, சரிகை இவ்வளவு என்று கிராம் கணக்கில் நோட்டில் ஏறும். நெய்து முடித்த சேலை முதலாளி கைக்குப் போகும்போது மறுபடியும் தராசு. அறுந்த நூலுக்கும் கழிவுக்கும்கூடக் கணக்கு உண்டு. சரிகையை மார்க் கணக்கில் வாங்குவார்கள். ஒரு மார்க் ஏறத்தாழ 240 கிராம். நூல் எவ்வளவு சன்னம் என்பதையே எடையை வைத்துத்தான் சொல்கிறோம்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். இப்படிக் கிராம் பிசகாமல் எடை தெரிந்த வீடுகளில், தலைக்கு மேலே இருக்கிற கூரை என்ன எடை என்று கேட்டால் பதில் வராது.

நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நெசவுத் தெருவில் எனக்கு மாமா முறையாகிற ஒருவர் ஓட்டுக்கூரையை மாற்றப்போவதாகச் சொன்னார். குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டிருந்தார்.

"மேல எவ்வளவு கனம் இருக்கும் மாமா?"

"அது கிடக்குது அறுபது வருசமா. வருசத்துக்கு நாலு ஓடு உடையும், மாத்துவோம். கனத்த யாருப்பா பாத்தாங்க?"

பக்கத்தில் நின்ற மேஸ்திரி சொன்னார்: "ஓட்டப் பிரிச்சிட்டுத் தளம் போட்டுடலாங்க. சுவரு ஒண்ணரை அடி. தாங்கும்."

அந்தத் 'தாங்கும்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்த அத்தியாயம். மேஸ்திரி அனுபவசாலி, அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எவ்வளவைத் தாங்கும், இதுவரை எவ்வளவைத் தாங்கியது, நாளை எவ்வளவைத் தாங்கப்போகிறது என்கிற மூன்று எண்களும் இல்லாமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. அந்த எண்களைக் கண்டுபிடிக்க ஒரு டேப்பும், ஒரு தராசும், அரை மணி நேரமும் போதும்.

முதலில் பரப்பு. நம் ஊர்க் கொத்தனார்கள் கூரையையும் தரையையும் சதுரத்தில் பேசுவார்கள். ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி. மீட்டர் கணக்கில் 9.29 சதுர மீட்டர். கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்: அகலம் 20 அடி, நீளம் 40 அடி, நடுவில் முகடு, இரண்டு பக்கமும் வாட்டம். வீட்டின் பரப்பு 800 சதுர அடி, அதாவது 8 சதுரம். இந்த எட்டை வைத்து ஓடு வாங்கப் போனால் வேலை பாதியில் நின்றுவிடும். ஓடு படுத்திருப்பது தரைக்கு மேலே அல்ல, சாய்வின் மேலே.

முகடு சுவர் மட்டத்திலிருந்து 6 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், 10 அடி படுக்கையும் 6 அடி நிமிர்வும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம் ஆகிறது. அதன் கர்ணம்தான் கைமரத்தின் நீளம். வர்க்கமூலம் போடத் தெரிந்தால் 11.66 அடி என்று வரும். தெரியாவிட்டாலும் கவலையில்லை. தமிழில் ஒரு பழைய கணக்கு வழங்குகிறது: நீளமான பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, சின்னப் பக்கத்தில் பாதியைக் கூட்டு. பத்தில் எட்டில் ஒன்றைக் கழித்தால் 8.75; ஆறில் பாதி 3; மொத்தம் 11.75 அடி. பித்தாகரஸ் வழி விடைக்கும் இதற்கும் ஒரே ஓர் அங்குலம்தான் வித்தியாசம். எல்லா முக்கோணத்துக்கும் இது இவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. கூரை வாட்டத்துக்கு அழகாகப் பொருந்துகிறது.

சுவரைத் தாண்டி இறவாணம் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி நீளும். அதையும் சாய்வோடு சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு 14 அடி. நீளவாக்கில் இரு முனையிலும் ஓரடி வெளியே விட்டால் 42 அடி. ஆக 28 பெருக்கல் 42, அதாவது 1,176 சதுர அடி. எட்டுச் சதுர வீட்டுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு சதுரக் கூரை! மீட்டரில் சுமார் 109 சதுர மீட்டர்.

இனி எடை. மாமா வீட்டில் இருந்தது நம் பக்கத்தில் பலரும் சீமை ஓடு என்று சொல்கிற மங்களூர் ஓடு. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் இந்த மாதிரி ஓட்டை 1841இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜிலார்தோனி சகோதரர்கள் உருவாக்கினார்கள். அதை இந்தியக் களிமண்ணில் செய்து காட்டியவர் பாசல் மிஷனைச் சேர்ந்த கியார்க் பிளெப்ஸ்ட். மங்களூர் ஜெப்புவில் 1865இல் ஆலை தொடங்கியது. பழைய ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் 1865 என்று அச்சு இருப்பது உண்டு. அது அந்த ஓடு சுட்ட ஆண்டு அல்ல, ஆலை பிறந்த ஆண்டு. வீட்டின் வயதை அதை வைத்துச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதே பாசல் மிஷன் கண்ணூரில் நெசவாலையும் நடத்தியது. நெசவாளர் தலைக்கு மேலே இருக்கும் ஓட்டுக்கும் நெசவுக்கும் அப்படி ஒரு பழைய உறவு இருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இந்த ஓட்டில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 பிடிக்கும். ஓடு ஒன்று சுமார் இரண்டரைக் கிலோ. ஆனால் ஆலைக்கு ஆலை, அச்சுக்கு அச்சு இது மாறும். எனவே உங்கள் கூரையிலிருந்தே பத்து ஓட்டை இறக்கி, பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்து, பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓட்டை மட்டும் எடைபோட்டு நம்ப வேண்டாம். சூளையில் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்ததும் தள்ளி இருந்ததும் ஒரே மாதிரி வேகாது.

இரண்டரையை 15ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 37, 38 கிலோ. அதன் கீழே ஓடுகள் தொற்றியிருக்கும் ரீப்பர் கட்டைகளுக்கு ஐந்து கிலோ வைத்தாலும் 43 கிலோதான். ஆனால் கட்டடங்களின் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875, முதல் பகுதியில், மங்களூர் ஓட்டுக்கு ரீப்பரோடு சேர்த்துச் சுமார் 65 கிலோ என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நாம் போட்ட கணக்குக்கும் இதற்கும் இடையில் 20 கிலோவுக்கு மேல் இருக்கிறதே, அது என்ன?

அதில் ஒரு பங்கு தண்ணீர்.

பட்டுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். வணிகத்தில் பட்டின் எடைக்கு 11 சதவிகித ஈரப்பதத்தை இயல்பானதாக ஏற்றுக்கொள்கிறார்கள். தொட்டால் ஈரம் என்றே தெரியாமல் அதற்கு மேலும் ஏறும். கச்சாப் பட்டை வேகவைத்துப் பசையை நீக்கினால் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கரைந்துபோகும். அதனால் நெசவாளர் ஒருவரிடம் "ஒரு கிலோ பட்டு" என்று சொன்னால் "எந்த நிலையில் ஒரு கிலோ?" என்று திருப்பிக் கேட்பார். ஓட்டையும் அப்படித்தான் கேட்க வேண்டும். சுட்ட களிமண் முழுக்க நுண்துளை. ஒரு காய்ந்த ஓட்டை எடைபோட்டுவிட்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவையுங்கள். காலையில் எடுத்து, மேலே வழியும் நீரைத் துணியால் ஒற்றிவிட்டு மறுபடி எடைபோடுங்கள். தரமான ஓட்டிலேயே பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கும். பழைய, வேக்காடு போதாத ஓட்டில் ஐந்தில் ஒரு பங்குவரை ஏறலாம். அப்படிக் குடிக்கும் ஓடுகளாக 109 சதுர மீட்டர் இருந்தால், முக்கால் டன் தண்ணீர் ஓட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, திருவண்ணாமலை மாவட்டம் முழுக்க மழை கொட்டித் தீர்த்த அந்த இரண்டு நாளில் ஓட்டு வீடுகளின் கைமரங்கள் இந்தக் கூடுதல் கனத்தைத்தான் சுமந்தன.

மீதி இடைவெளி எச்சரிக்கைக்கான இடம். முகட்டு ஓட்டின் மேல் பூசிய சுண்ணாம்பு, பாசி, ஓட்டு இடுக்கில் அறுபது ஆண்டாகச் சேர்ந்த மண், தடித்த ஓடு எல்லாம் அதில் அடங்கும். பழைய நாட்டு ஓடு என்றால் கனம் இன்னும் கூடும். இரட்டை வரிசையாக வேய்ந்திருந்தால் மங்களூர் ஓட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆக, நம் வீட்டுக்கு 109 பெருக்கல் 65: ஏழு டன். இரண்டடிக்கு ஒன்றாக நிற்கும் 44 கைமரங்களும், முகட்டு வளையும், உத்தரமும் சேர்ந்து இன்னொரு டன். மொத்தம் எட்டு டன் என்று வைத்துக்கொள்ளலாம். டன் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆரணிக்காரர்களுக்கு அரிசி தெரியும். 25 கிலோ சிப்பமாக மாற்றினால் ஒரு சதுர ஓட்டுக்கூரைக்கு 24 சிப்பம். வீடு முழுக்க, மரத்தோடு சேர்த்து, 320 சிப்பம் அரிசி தலைக்கு மேலே அடுக்கியிருக்கிறது.

மாமாவிடம் இதைச் சொன்னபோது நாடா தள்ளுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

இப்போது மேஸ்திரி சொன்ன தளம். நாலரை அங்குலக் கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 285 கிலோ; கம்பியோடு சேர்ந்த கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 2,500 கிலோ என்பதிலிருந்து வரும் எண் இது. அதன் மேல் வெயிலுக்கும் மழைக்கும் போடும் சுண்ணாம்பு–செங்கல் ஜல்லி மூன்று அங்குலம், 140 கிலோ. அதற்கு மேல் தட்டோடு, 40 கிலோ. கூட்டினால் 465 கிலோ. தளம் சாய்வில்லாதது, அதனால் பரப்பு 8 சதுரம் மட்டுமே. 74 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: சுமார் 35 டன். சிப்பத்தில் 1,400. பழைய கூரையின் நாலு மடங்குக்கும் மேல்! கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடியில் வந்து நிற்கும் ஆட்கள் எதையும் இதில் சேர்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டி ஆயிரம் லிட்டர் என்றால் அதுவே ஒரு டன்.

சுவர் ஒன்றரை அடி கனம்தான். ஆனால் எதைக் கொண்டு கட்டிய சுவர்? செங்கல்லும் களிமண் சாந்தும் என்றால் அடிவாரம் ஈரமாகும்போது அதன் வலு வெகுவாகக் குறைந்துவிடும். அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் என்பது சுவர் எழுப்பிய தாத்தாவுக்கு மட்டுமே தெரியும். குழித்தறிக்காகத் தோண்டிய குழி சுவரோரம் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதெல்லாம் ஒரு பொறியாளர் வந்து மண்ணைத் தோண்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியவை. எட்டு டன்னுக்குப் பழகிய சுவரிடம் முப்பத்தைந்து டன்னைக் கொடுக்கப்போகிறோம் என்ற ஒரு வரியை அவர் முன்னால் வைத்துவிட்டால், அவர் எங்கே தோண்ட வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

சரி, கனம் குறைவாக ஷீட் போட்டால்? அரை மில்லிமீட்டர் வண்ணத் தகரம் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ. மொத்தக் கூரைக்கும் அரை டன் போதும். கல்நார் ஷீட் என்றால் ஒன்றரை டன்னை ஒட்டி வரும். சுவருக்கு ஏக நிம்மதி. இங்கேதான் கனம் குறைந்தால் நல்லது என்ற எண்ணம் நம்மைக் கைவிடுகிறது.

காற்று சாய்வான கூரையைக் கீழே மட்டும் அழுத்துவதில்லை. முகட்டைத் தாண்டி வேகமாகப் போகும்போது மறுபக்கத்தை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம் நியூட்டன் கணக்கில் கிடைக்கும். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகக் காற்று வினாடிக்கு 27.8 மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ எடைக்குச் சமம். இறவாணத்திலும் முகட்டோரத்திலும் உறிஞ்சல் இதை ஒட்டியே இருக்கும். வாசல் கதவு திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். 47 கிலோ தூக்குகிறது என்றால், ஓடும் ரீப்பரும் மரமும் சேர்ந்த கனம் அதற்கு ஈடு கொடுக்கும். ஓட்டுக்கு ஓடு நடுவே இருக்கும் இடுக்கு வழியாக அழுத்தம் கசிந்து சமமாகிவிடுவதும் கூடுதல் பாதுகாப்பு. ஐந்து கிலோ தகரத்தில் இடுக்கும் இல்லை, கனமும் இல்லை. தன் எடையைப்போல ஒன்பது மடங்கு விசையை அது போல்ட்டை நம்பித்தான் தாங்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது ஷீட்டுகள் தெருத்தெருவாகப் பறந்ததற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

ஓட்டின் கனம், தாத்தா யாரும் கணக்குப் போடாமலேயே, கூரையைச் சுவரோடு கட்டிவைத்திருந்தது. அந்தக் கனத்தை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் இரும்பை வைத்தாக வேண்டும். ஷீட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ஜே போல்ட், சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் நீண்ட நங்கூரக் கம்பி, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சுவரின் மேல் ஒரு கான்கிரீட் வளையம். ஷீட்டோடு போல்ட் முடிந்துவிட்டால் போதாது, ஷீட்டும் சட்டமும் சேர்ந்தே பறக்கும். கொட்டேஷனில் ஷீட்டின் விலை இருக்கும், இந்தக் கம்பியின் விலை பெரும்பாலும் இருக்காது. கேட்டு எழுதி வாங்குங்கள்.

தகரத்துக்குக் கீழே சித்திரை மாதத்தில் பட்டு நெய்வது எப்படி என்பதையும் நெசவாளரே சொல்வார். உலர்ந்த வெக்கையில் பாவு இழை மொறுமொறுவென்று அறும். குழிக்குள் இருக்கும் குளிர்ச்சியையும் ஈரத்தையும் நம்பி நடக்கும் தொழில் இது. கனமான ஓடு வெயிலை உள்வாங்கிச் சூடேற நேரம் எடுக்கும். மெல்லிய தகரம் அந்த நேரத்தைத் தருவதில்லை.

எந்தக் கூரைக்கு மாறினாலும் பழையதை இறக்கியாக வேண்டும். விபத்து நடப்பது பெரும்பாலும் அங்கேதான். 109 சதுர மீட்டரில் ஓடு மட்டும் 1,640. எடை நாலு டன்னுக்கு மேல். ஒரு பக்கத்தை முழுக்கப் பிரித்து மறுபக்கத்தில் அடுக்கினால், ஒரு பக்கக் கைமரங்களுக்கு இரட்டைச் சுமை, மறுபக்கத்துக்கு ஒன்றுமில்லை. முகட்டில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்ற கைமரங்கள் இப்போது ஒரு பக்கமாகத் தள்ளும். சுவர் வெளியே சாயும். முகட்டிலிருந்து தொடங்கி இரண்டு வாட்டத்தையும் சரிசமமாக, வரிசை வரிசையாக இறக்க வேண்டும். இறக்கியதைக் கூரை மேலே அடுக்கவே கூடாது. முக்கால் டன் ஏற்றும் குட்டி யானை வண்டிக்கு ஆறு நடை ஆகும். வாடகை பேசும்போதே இந்த எண் கையில் இருந்தால் நல்லது.

இறக்குவது கல்நார் ஷீட் என்றால் நிதானம் இன்னும் அதிகம் வேண்டும். பழைய ஷீட் ஆள் எடையைத் தாங்காது, மிதித்தால் உடைந்து ஆளோடு விழும். பலகையைச் சட்டத்துக்குச் சட்டம் போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும். உடைந்தால் கிளம்பும் தூசியில் நுரையீரலில் போய்த் தைத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் நார் இருக்கிறது. தண்ணீர் தெளித்து நனைத்து, நல்ல முகக்கவசம் போட்டு, அறுக்காமல் உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். சித்தாள் வேலைக்கு வரும் பெண்ணுக்கும் அந்தக் கவசம் கொடுக்க வேண்டும்.

பழைய கைமரம் தொய்ந்திருந்தால் அது பழுது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மரம் ஒரே சுமையை ஆண்டுக்கணக்கில் சுமந்தால் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும். முதல் நாள் வளைந்ததைப்போல இரண்டு மடங்குகூட வளையும். அதிகம் வளையாமல் நிற்பது மரத்தின் அகலத்தைவிட உயரத்தைப் பொறுத்தது. உயரத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. கைமரத்தை ஆசாரி எப்போதும் நெட்டாக நிறுத்திப் பதிப்பது இதனால்தான். கரையானும் ஈரமும் தாக்குவது சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியை. அங்கே ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் மாற்றுங்கள், இறங்காவிட்டால் விட்டுவிடுங்கள். சில வீடுகளில் ஜக்கார்டு பெட்டிக்கு உத்தரத்திலிருந்தே முட்டு கொடுத்திருப்பார்கள். மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் அந்த உத்தரம் அசைந்திருக்கிறது. அதை முதலில் குத்திப் பார்க்க வேண்டும்.

மாமா வீட்டில் கைமரங்களின் நுனி பெரும்பாலும் கெட்டியாக இருந்தது. ஆறை மட்டும் மாற்ற வேண்டும். கடைசியில் ஓட்டையே திரும்பப் போடுவது, உடைந்ததற்கு மட்டும் புது ஓடு வாங்குவது, பழைய ஓடுகளில் ராத்திரி ஊறவைத்து எடை அதிகம் ஏறியதைக் கழித்துவிடுவது என்று பேசி முடித்தார்கள். கழிக்கும் ஓட்டை எடைபோடும் வேலையை மாமாவே ஏற்றுக்கொண்டார். நாள் மட்டும் குறிக்கவில்லை. தறியில் ஏறியிருந்த பாவில் இன்னும் ஒரு சேலை பாக்கி. ஓடு பிரித்தால் அறுபது வருடத் தூசி பட்டின் மேல் விழும், தறியை நடுவில் நகர்த்தவும் முடியாது. அந்தச் சேலை தறியிலிருந்து இறங்கி, எடைபோட்டு வெளியே போன மறுநாள் வரச் சொல்லி மேஸ்திரியை அனுப்பிவிட்டு, மாமா தார் மாற்றிக்கொண்டு மறுபடி குழிக்குள் காலை இறக்கினார்.